மோட்டார் பழுது: எதற்குக் கூலி கொடுப்பது, எதைக் கையால் செய்வது?

கிணற்றுப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நிலக்கடலை. பயிருக்கு வயது 45 நாள். பூத்து விழுது இறங்கும் பருவம். இந்தச் சமயத்தில் மண் காய்ந்து இறுகிவிட்டால் விழுது மண்ணுக்குள் இறங்காது. இறங்காத விழுதில் காய் பிடிக்காது. காலையில் விவசாயி ஸ்டார்ட்டரைப் போடுகிறார். மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை. டவுனில் உள்ள மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்புகிறார். ஊரெங்கும் பாசன நேரமாதலால் மெக்கானிக் வந்து சேர மூன்றாம் நாள் ஆகிறது. வந்தவர் குழாயைக் கழற்றிப் புட்வால்வை மேலே எடுக்கிறார். அதன் நாக்கில் ஒரு காய்ந்த இலையும் சிறு குச்சியும் சிக்கியிருக்கின்றன. எடுத்துப் போட்டு, பம்பில் தண்ணீர் ஊற்றி, ஓட்டிக் காட்டுகிறார். கூலி 600 ரூபாய்.

"அரை மணி நேர வேலைக்கு அறுநூறு ரூபாயா தம்பி?"

"அரை மணி நேரத்துக்கு மட்டும் கேட்கலை அண்ணே. கடையைப் பூட்டிட்டு 14 கிலோமீட்டர் வண்டி ஓட்டி வந்திருக்கேன். திரும்பியும் போகணும்."

இத்தகைய பேச்சு எந்தக் கிராமத்திலும் கேட்கக் கூடியதுதான். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இருவரும் கணக்கில் சேர்க்காத ஒன்று உண்டு. மூன்று நாள் தண்ணீரின்றி நின்ற பயிர்தான் அது. 600 ரூபாய் அதிகமா, குறைவா என்பதைவிட, அந்த வேலைக்கு மெக்கானிக்கை அழைத்திருக்க வேண்டுமா என்பதே யோசிக்க வேண்டிய விஷயம்.

கவலை ஏற்றமும் மோட்டாரும்

மாடு கட்டிக் கவலை இறைத்த காலத்தில் இந்தக் கேள்வி எழவில்லை. வடம் அறுந்தால் முறுக்கிப் போடவும், தும்பி கிழிந்தால் தைக்கவும், சால் ஒழுகினால் அடைக்கவும் விவசாயிக்கே தெரியும். அவரால் ஆகாத வேலைக்கு ஊரில் தச்சரும் கொல்லரும் இருந்தார்கள். அவர்களுக்கு அறுவடையின்போது களத்தில் நெல் அளப்பது வழக்கம். கலப்பை எத்தனை முறை பழுதானாலும் அந்த நெல்லிலேயே அடங்கிவிடும்.

1930களில் பைகாரா மின்சாரம் கோவைப் பகுதிக்கு வந்தது. அதன் பிறகு கிணறுகளில் மோட்டார் பம்புகள் ஏறின. பம்பு செய்யும் தொழிலும் கோவையில் வேரூன்றியது. தண்ணீர் இறைப்பது எளிதாயிற்று. ஆனால் இறைக்கும் சாதனம் விவசாயியின் கைக்குப் பழகாத பொருளாகிவிட்டது. எந்தச் சிறு கோளாறு வந்தாலும் கடைக்காரர்தான் கதி என்ற எண்ணம் ஏற்பட்டது. உண்மையில் பம்புசெட்டில் அடிக்கடி வரும் கோளாறுகளில் பல, கவலைச் சாலுக்கு வந்த கோளாறுகளைவிடக் கடினமானவை அல்ல. மற்றவை உயிரையே வாங்கக் கூடியவை. இரண்டையும் பிரித்து அறிவதில்தான் விவசாயியின் லாபம் இருக்கிறது.

கூலியில் அடங்கியிருப்பது என்ன?

மெக்கானிக் கேட்கும் கூலியில் வேலை செய்த நேரம் ஒரு பகுதிதான். வந்துபோகும் நேரமும் பெட்ரோலும் அதில் உண்டு. கருவிகளின் தேய்மானம், கடை வாடகை, உதவிப் பையனின் சம்பளம் ஆகியவையும் உண்டு. மழைக்காலத்தில் வேலையின்றி உட்கார்ந்திருக்கும் நாட்களின் செலவையும் அவர் பாசன காலத்தில்தான் ஈடுகட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கும் அனுபவத்துக்கும் விலை உண்டு.

எனவே, கோளாறு இன்னதென்று தெரியாத இடத்தில் கொடுக்கும் கூலி பெரும்பாலும் தகும். கோளாறு இன்னதென்று விவசாயிக்கே தெரிந்து, சரிசெய்ய ஒரு ஸ்பானரும் அரை மணி நேரமும் போதும் என்றால், அங்கே கொடுக்கும் கூலியில் பெரும்பகுதி பயணத்துக்குத்தான் போகிறது.

ஒரு வேலையைக் கையில் எடுக்குமுன் விவசாயி தம்மையே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த வேலையில் மின்சாரம் தொடும் ஆபத்து உண்டா? தவறிவிட்டால் நஷ்டம் சிறியதா, பெரியதா? ஆண்டில் ஒரு முறை வரும் வேலையா, அடிக்கடி வருவதா? ஆபத்து இல்லாமல், தவறினாலும் நஷ்டம் சிறிதாக, அடிக்கடி வரும் வேலையாக இருந்தால் அதைக் கற்றுக்கொள்வது நல்லது. மற்றவற்றை விவரம் தெரிந்தவரிடம் விட்டுவிட வேண்டும்.

கையால் செய்யத் தகுந்தவை

கிணற்றுமேட்டிலோ கிணற்றுக்குள் திட்டிலோ வைத்திருக்கும் சாதாரண பம்பில் தண்ணீர் வராமல் போனால் முதலில் பார்க்க வேண்டியது புட்வால்வு. மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பம்பில் தண்ணீரை ஊற்றி நிரப்ப வேண்டும். ஊற்றிய தண்ணீர் நிற்காமல் இறங்கிக்கொண்டே போனால் புட்வால்வு மூடவில்லை என்று பொருள். இலை, குச்சி, மணல் சிக்கியிருக்கலாம். அல்லது நாக்கில் உள்ள தோல் தேய்ந்திருக்கலாம். சுத்தம் செய்வதும் தோல் மாற்றுவதும் இரண்டு பேர் சேர்ந்து செய்யக் கூடிய வேலை. புட்வால்வு அடித்தளத்தின் சேற்றில் புதையாமலும், நீர்மட்டத்துக்குக் கீழே குறைந்தது 2 அடி மூழ்கியும் இருக்க வேண்டும்.

ஊற்றிய தண்ணீர் நிற்கிறது, ஆனால் ஓட்டினால் தண்ணீர் வந்து வந்து நின்றுவிடுகிறது என்றால், உறிஞ்சு குழாயில் எங்கோ காற்று புகுகிறது. இணைப்புகளில் ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கும், போல்ட் தளர்ந்திருக்கும். வாஷரை மாற்றி இறுக்கினால் போதும்.

கோடையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பம்பு தண்ணீரை உறிஞ்சும் ஆழத்துக்கு ஓர் எல்லை உண்டு. கணக்குப்படி அது ஏறக்குறைய 10 மீட்டர். நடைமுறையில் 6 அல்லது 7 மீட்டருக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. கிணற்றில் நீர்மட்டம் அதற்கும் கீழே போய்விட்டால் பம்பில் கோளாறே இல்லாவிட்டாலும் தண்ணீர் வராது. பம்பைக் கீழே இறக்குவதுதான் வழி. இது தெரியாமல் மெக்கானிக்கை அழைத்துப் பம்பைப் பிரித்துப் பார்ப்பது வீண் செலவு.

அடுத்தது கிளாண்டு. பம்பின் தண்டு வெளியே வரும் இடத்தில் சுற்றியிருக்கும் கயிறு நாளடைவில் தேய்ந்து தண்ணீர் பீச்சும். பழைய கயிறு முழுவதையும் எடுத்துவிட வேண்டும். அதன் மேலேயே புதுக் கயிற்றைத் திணிக்கக் கூடாது. தண்டின் சுற்றளவுக்குச் சரியாகத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு துண்டின் வெட்டுவாய் அடுத்த துண்டின் வெட்டுவாய்க்கு நேராக வராதபடி வைக்க வேண்டும். பிறகு இரு பக்க நட்டுகளையும் சமமாக இறுக்க வேண்டும். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். ஒரு சொட்டுக்கூட வரக்கூடாது என்று நட்டுகளை இறுக்கித் தள்ளுகிறார்கள். அப்படிச் செய்தால் கயிறு சூடேறிக் கருகும், தண்டும் தேயும். மோட்டாருக்குப் பளுவும் கூடும். கிளாண்டில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருப்பதே சரியான நிலை.

மோட்டாரும் பம்பும் தனித்தனியாக உள்ள செட்டில் கப்ளிங்கின் ரப்பர் புஷ்களையும், பெல்ட் செட்டில் பெல்ட்டின் தளர்ச்சியையும் மாதம் ஒரு முறை பார்க்கலாம். பேரிங்குக்குக் கிரீஸ் அளவோடு வைக்க வேண்டும். நிறைய வைத்தால் நல்லது என்று நினைப்பது தவறு. மிகுதியான கிரீஸும் பேரிங்கைச் சூடாக்கும். அஸ்திவார போல்ட்டுகள் தளர்ந்து செட் ஆடினால் உடனே இறுக்க வேண்டும்.

ஆயில் என்ஜின் வைத்திருப்போர்

டீசலில் ஓடும் ஆயில் என்ஜினில் விவசாயி செய்யக் கூடியவை இன்னும் அதிகம். என்ஜின் ஆயில் அளவை நாள்தோறும் குச்சியில் பார்ப்பது, குறிப்புப் புத்தகத்தில் கண்ட மணிக்கணக்குப்படி ஆயிலையும் வடிகட்டிகளையும் மாற்றுவது, காற்று வடிகட்டியைத் துடைத்துச் சுத்தம் செய்வது ஆகியவற்றுக்குக் கூலி கொடுக்கத் தேவையே இல்லை. இந்த மூன்றையும் தவறாமல் செய்தால் பெரிய பழுதுகளைத் தள்ளிப் போடலாம்.

டீசல் தொட்டி காலியாகி என்ஜின் நின்றுவிட்டால், மீண்டும் டீசல் ஊற்றினாலும் சில சமயம் என்ஜின் கிளம்பாது. குழாயில் காற்று அடைத்திருப்பதே காரணம். டீசல் வடிகட்டியின் மேலுள்ள திருகைச் சற்றுத் தளர்த்தினால் டீசல் நுரையோடு வரும். குமிழி நின்று வெறும் டீசலாக வந்தவுடன் திருகை இறுக்கிவிட வேண்டும். ஐந்து நிமிட வேலை. இதற்காக மெக்கானிக்குக்குக் காத்திருந்து ஒரு நாளைப் போக்குவோர் இன்றும் உண்டு.

டீசல் ஒழுக்கு இருந்தால் அதன் கீழே ஒரு டம்ளரை வைத்து, என்ஜின் ஓடும்போது ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சேருகிறது என்று பார்க்கலாம். 100 மில்லி சேர்ந்தால், நாளுக்கு 6 மணி நேர ஓட்டத்தில் 600 மில்லி வீணாகிறது. பத்து நாளில் 6 லிட்டர். ஒரு வாஷரின் விலையை அதோடு ஒப்பிட்டால் பழுதைத் தள்ளிப் போடுவதன் செலவு விளங்கும்.

ஆனால் இன்ஜெக்டரையும், டீசலை அழுத்தி அனுப்பும் பம்பையும் வீட்டில் பிரிக்கக் கூடாது. அவை நுண்ணிய அளவில் செய்யப்பட்டவை. ஒரு தூசி போதும் கெடுக்க. சோதிப்பதற்குத் தனிக் கருவி வேண்டும். மேலும் இன்ஜெக்டரிலிருந்து பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் சென்றுவிடும். கையை அருகில் கொண்டுபோவதே ஆபத்து. அப்படி நேர்ந்தால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நீர்மூழ்கி மோட்டார்

ஆழ்துளைக் கிணற்றில் உள்ள நீர்மூழ்கி மோட்டாரை மேலே தூக்குவதற்கே ஆட்கூலி தனி. எனவே தூக்க வேண்டுமா என்பதை முடிவு செய்வதில்தான் சிக்கனம் இருக்கிறது. இதற்கு ஸ்டார்ட்டர் பெட்டியில் உள்ள ஆம்பியர் மீட்டரே துணை. மோட்டார் நன்றாக ஓடும்போது முள் எங்கே நிற்கிறது என்பதைப் பெட்டியின் கதவிலேயே எழுதி வைக்க வேண்டும்.

பின்னால் தண்ணீர் குறைந்தால் முள்ளைப் பார்க்கலாம். முள் அசையவே இல்லையென்றால் மோட்டாருக்கு மின்சாரம் போகவில்லை. மோட்டாரைத் தூக்குமுன் லைன், பியூஸ், ஸ்டார்ட்டர், கேபிள் ஆகியவற்றை வயர்மேன் சோதிக்க வேண்டும். முள் வழக்கத்தைவிடக் கீழே நின்று தண்ணீரும் வராவிட்டால், நீர்மட்டம் இறங்கியிருக்கலாம். பம்புக்கு மேலே குழாய் விட்டுப் போயிருக்கலாம். உடனே நிறுத்த வேண்டும். தண்ணீரின்றி ஓடினால் பம்பு கெடும். முள் வழக்கத்தைவிட மேலே ஏறினால் மணல் அடைப்பு, பேரிங் தேய்வு அல்லது குறைந்த மின்னழுத்தம் காரணமாக இருக்கலாம். இந்த விவரங்களைச் சொல்லி மெக்கானிக்கை அழைத்தால் அவரும் தேவையான சாமானோடு வருவார். "மோட்டார் ஓடலை, வாங்க" என்று மட்டும் சொன்னால், பார்த்துப் போக ஒரு நடை, சாமான் கொண்டுவர ஒரு நடை என்று இரண்டு நடைக்குக் கூலி கொடுக்க நேரும்.

கை வைக்கக் கூடாதவை

மூன்று பேஸ் லைனில் இரண்டு கம்பிகளுக்கு இடையே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவருக்கு அதில் கால் பங்குகூட எமன்தான். ஸ்டார்ட்டருக்குள் பழுது பார்ப்பது, கேபிள் இணைப்பது, மோட்டாரின் வயர்களை மாற்றுவது ஆகியவற்றை உரிமம் பெற்ற வயர்மேனிடம் விட்டுவிட வேண்டும். கம்பத்தில் ஏறுவதும், டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போடுவதும் மின்வாரிய ஊழியர்களின் வேலை. மின்வாரிய ஆள் வரத் தாமதமாகிறது என்று ஊர் இளைஞரை ஏற்றிவிடும் பழக்கத்தால் குடும்பங்கள் அநாதையாகியிருக்கின்றன. அங்கே மிச்சம் பிடிக்கும் கூலி எதற்கும் ஈடாகாது.

மெயினை அணைத்துவிட்டால் ஆபத்தே இல்லை என்றும் நினைக்கக் கூடாது. மோட்டாரோடு இணைத்துள்ள கெபாசிட்டரில் மின்சாரம் சிறிது நேரம் தங்கியிருக்கும். கிளாண்டு, கப்ளிங் வேலை செய்யும்போதுகூட மெயினை அணைத்து, பியூஸ் கட்டைகளைப் பிடுங்கிக் கையோடு வைத்துக்கொள்வது பாதுகாப்பு. தெரியாமல் வேறொருவர் வந்து சுவிட்சைப் போட்டுவிட வழி இருக்காது.

அடிக்கடி பியூஸ் போகிறது என்று தடித்த செம்புக் கம்பியைக் கட்டுவது, ரிலே அடிக்கடி விழுகிறது என்று அதன் அளவை ஏற்றி வைப்பது, ஒரு பேஸ் இல்லாதபோது கெபாசிட்டர் வைத்து இரண்டு பேஸில் ஓட்டுவது ஆகிய மூன்றும் மோட்டாரைச் சுடுகாட்டுக்கு அனுப்பும் வழிகள். 5 குதிரைத்திறன் மோட்டார் முழுப் பளுவில் சுமார் 7 அல்லது 8 ஆம்பியர் எடுக்கும். மோட்டாரின் பெயர்த் தகட்டில் உள்ள அளவுக்கே ரிலேயை வைக்க வேண்டும். ஒரு பேஸ் போனால் தானாக நிறுத்திவிடும் கருவியைப் பொருத்துவது, காயில் கட்டும் செலவை எண்ணிப் பார்த்தால் நல்ல முதலீடே.

தமிழகத்தில் 1990 முதல் பாசன மோட்டார்களுக்கு மின்சாரம் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதனால் மோட்டார் கூடுதலாக மின்சாரம் எடுப்பது விவசாயியின் கண்ணில் படுவதில்லை. ஆனால் கூடுதல் மின்சாரம் மோட்டாருக்குள் சூடாக மாறுகிறது. தாங்கும் அளவுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி சூட்டுக்கும் காயில் உறையின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது மின் பொறியியலில் நெடுநாளாக உள்ள கணக்கு. மின் கட்டணத்தில் வராத பணம் காயில் கட்டும் கடையில் வந்து நிற்கும்.

காயில் கட்டும்போது

காயில் எரிந்துவிட்டால் கடைக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் கடைக்குப் போவதற்கும் ஏமாறுவதற்கும் வேறுபாடு உண்டு. நாணயமான கடைக்காரர் கீழ்க்கண்ட கேள்விகளைக் கேட்டால் கோபிக்க மாட்டார்.

பழைய காயிலில் எத்தனை கிலோ செம்பு இருந்தது? அதைத் திருப்பித் தருவாரா, அல்லது அதன் விலையைக் கூலியில் கழிப்பாரா? புதுக் கம்பி செம்பா, அலுமினியமா? பழைய கம்பியின் அதே தடிமனும் அதே சுற்றுகளுமா? சுற்று குறைத்தாலோ மெல்லிய கம்பி போட்டாலோ கடைக்கு மிச்சம். விவசாயிக்கு மோட்டார் சூடேறும். பழைய காயிலை நெருப்பில் இட்டு எரித்து எடுப்பது நல்லதல்ல. அதிகச் சூட்டில் உள்ளிருக்கும் இரும்புத் தகடுகளின் பூச்சு கெட்டு, மோட்டாரின் திறன் நிரந்தரமாகக் குறையும்.

மோட்டாரைத் திரும்ப எடுக்கும்போது கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். மூன்று பேஸிலும் ஆம்பியர் ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும். அந்த அளவை ரசீதிலேயே எழுதி வாங்குவது நல்லது. வயலில் பொருத்திய பிறகு மீண்டும் ஒரு முறை பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், காயில் ஏன் எரிந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். காரணத்தைக் கண்டு நீக்காமல் காயிலை மட்டும் கட்டினால் அடுத்த ஆண்டும் அதே கடைக்கு வர வேண்டியிருக்கும்.

கணக்குப் பார்த்தால்

கையால் செய்தால் எல்லாம் லாபம் என்று சொல்லிவிட முடியாது. ஓர் உதாரணக் கணக்கு இதை விளக்கும். தொகைகள் ஊருக்கு ஊர் மாறும், முறையே முக்கியம்.

ஆண்டில் கிளாண்டு கயிறு மாற்ற 3 முறை, புட்வால்வு பார்க்க 2 முறை, கப்ளிங், கிரீஸ் வேலைக்கு 2 முறை என்று 7 முறை மெக்கானிக் வருவதாகவும், ஒவ்வொரு முறையும் கூலி 500 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால், கூலி மட்டும் 3,500 ரூபாய். சாமான் 900 ரூபாய். மொத்தம் 4,400 ரூபாய்.

விவசாயி தாமே செய்தால் சாமான் அதே 900 ரூபாய். ஸ்பானர் செட், கிரீஸ் கன் முதலிய கருவிகளுக்கு முதல் ஆண்டில் 2,500 ரூபாய். அவருடைய உழைப்புக்கும் மதிப்பு உண்டு. ஏழு முறையும் சேர்த்து இரண்டு நாள் வேலை. நாள் கூலி 600 ரூபாய் என்றால் 1,200 ரூபாய். மொத்தம் 4,600 ரூபாய். அதாவது முதல் ஆண்டில் 200 ரூபாய் கூடுதல் செலவு. இரண்டாம் ஆண்டு கருவிச் செலவு இல்லாததால் 2,100 ரூபாய்தான் ஆகும். அப்போது மிச்சம் 2,300 ரூபாய்.

இந்த மிச்சம் பெரிய தொகை அல்ல. ஒரே ஒரு முறை அவசரப்பட்டு மோட்டாரைக் கெடுத்துவிட்டால் இரண்டு மூன்று ஆண்டு மிச்சமும் காயில் கட்டுவதில் போய்விடும். பெரிய லாபம் வேறிடத்தில் உள்ளது. கோளாறு வந்த அன்றே தண்ணீர் பாயும். விழுது இறங்கும் கடலைக்கும், தண்ணீர் தாங்காத சின்ன வெங்காயத்துக்கும், கதிர் வரும் நெல்லுக்கும் அந்த மூன்று நாள்தான் விலை.

தனியாக வேண்டாம், கூட்டாகச் செய்யலாம்

ஒவ்வொரு விவசாயியும் தனித்தனியே கருவி வாங்க வேண்டியதில்லை. பக்கத்துக் கிணற்றுக்காரர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு கருவிப் பெட்டி வைத்துக்கொள்ளலாம். மேற்சொன்ன கணக்கில் 2,500 ரூபாய் ஆளுக்கு 500 ரூபாயாகக் குறைந்து, முதல் ஆண்டிலேயே லாபம் தெரியும். கிளாண்டு கயிறு, புட்வால்வுத் தோல், வாஷர், கப்ளிங் புஷ் ஆகியவற்றில் ஒன்றிரண்டு எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். சாமான்கள் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குவது நல்லது. விவசாயப் பம்புகளின் புட்வால்வுக்கும் இந்தியத் தர நிர்ணயம் உண்டு.

மெக்கானிக்கிடமும் கூட்டாகப் பேசலாம். ஐந்து கிணறுகளையும் பாசனம் தொடங்குமுன் ஒரே நாளில் பார்த்துத் தரும்படி கேட்டால் பயணச் செலவு ஐந்தாகப் பிரியும். அவருக்கும் வேலை குறைந்த நாளில் வருமானம். களத்தில் நெல் அளந்த பழைய ஏற்பாட்டின் நன்மை இப்படித் திரும்பக் கிடைக்கும். அவர் வேலை செய்யும்போது அருகில் நின்று பார்த்துக் கேட்டால், அடுத்த முறை எதற்கு அவர் தேவை, எதற்குத் தேவையில்லை என்பதும் புரியும்.

முறையாகக் கற்க விரும்புவோர் வேளாண் அறிவியல் நிலையங்களை அணுகலாம். நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974ல் புதுச்சேரியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் தொடங்கப்பட்டது. இன்று தமிழகத்தின் பெரும்பாலான மாவட்டங்களில் இவை உள்ளன. பம்புசெட் பராமரிப்புப் பயிற்சி எப்போது நடக்கும் என்று அங்கும், வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலும் விசாரிக்கலாம்.

ரசீது அவசியம்

கூலி எவ்வளவானாலும் ரசீது வாங்கும் பழக்கம் வேண்டும். என்ன பழுது, என்ன சாமான் மாற்றப்பட்டது, எத்தனை மாத உத்தரவாதம் என்பவை அதில் இருக்க வேண்டும். மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்க வேண்டும். ரசீது இல்லாத உத்தரவாதம் காற்றோடு போகும்.

கடையில் செய்த வேலை மோசமாக இருந்து, பேசித் தீராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு உண்டு. 1986ல் வந்த சட்டத்துக்குப் பதிலாக 2019ல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. பிழைப்புக்காகத் தம் சொந்த உழைப்பில் தொழில் செய்பவரும் இந்தச் சட்டப்படி நுகர்வோரே. விதை தொடர்பான ஒரு வழக்கில் விவசாயிகளும் நுகர்வோர்தான் என்று 2012ல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துள்ளது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் புகார் செய்யக் கட்டணம் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் எங்கே போனாலும் முதலில் கேட்கப்படுவது ரசீதுதான்.

கடலை வயல் விவசாயி கொடுத்த 600 ரூபாய், மெக்கானிக்கின் பக்கமிருந்து பார்த்தால் அநியாயக் கூலி அல்ல. தேவையில்லாத கூலி என்பதுதான் உண்மை. அதே மெக்கானிக்குக்கு, காயில் ஏன் எரிந்தது என்று கண்டு சொன்னதற்காகக் கொடுக்கும் பணம் தகுந்த பணம். அங்கே பேரம் பேசி மலிவான கையைத் தேடுவதுதான் நஷ்டம். தண்ணீர் போகும் பாதையில் வரும் பழுதை விவசாயி தம் கையில் எடுத்துக்கொள்ளட்டும். மின்சாரம் போகும் பாதையில் வரும் பழுதைத் தெரிந்தவரிடம் விட்டு, கேட்கும் நியாயமான கூலியைத் தயங்காமல் கொடுக்கட்டும். அடுத்த பாசனத்துக்கு முன் ஒரு நாள் காலை, மெயினை அணைத்துவிட்டு, பம்பில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி அது நிற்கிறதா என்று பார்ப்பதிலிருந்து தொடங்கலாம்.